வீட்டு ஹை-ஃபை ஆம்ப்ளிஃபயரும் ப்ரீஆம்பும்: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நல்ல பாட்டு செட்டு வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பாட்டு கேட்கப் போகும் அறை எது, அதில் வைக்கப் போகும் ஸ்பீக்கர் எது, வீட்டுக்கு வரும் கரண்ட் எப்படி என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், எந்த ஆம்ப் என்பது ஒரு தாளில் போட்டுப் பார்க்கும் கணக்குதான். இதைப் பார்க்காமல் வாங்கிய விலை உயர்ந்த ஆம்பைவிட, பார்த்து வாங்கிய நடுத்தர ஆம்ப் நன்றாகப் பாடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அறையை முதலில் பாருங்கள்

ஃபேர்லேண்ட்ஸ், சூரமங்கலம், அஸ்தம்பட்டி பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால் நிறைய உண்டு. பத்தடி உயரம், தரையில் வழவழப்பான டைல்ஸ், நாலு பக்கமும் சிமெண்ட் பூச்சு. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் 'ட்ரிங்' என்று ஒரு சத்தம் சுவருக்குச் சுவர் ஓடினால், எந்த ஆம்ப் வைத்தாலும் பாடகரின் 'ஸ', 'ஷ' எழுத்துகள் காதைக் குத்தத்தான் செய்யும். தரையில் ஒரு ஜமக்காளம், ஜன்னலில் கனமான திரை, சுவரோரம் புத்தக அலமாரி போட்டாலே பாதி சரியாகிவிடும்.

பாஸ், அதாவது தாழ்ந்த ஒலியின் விஷயம் வேறு. பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸிலும், பத்தடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸிலும் ஒலி அறைக்குள் நின்றுகொண்டு முழங்கும். அகலமும் உயரமும் ஒரே பத்தடியாக இருந்தால் 56-ல் இரண்டும் சேர்ந்துகொள்ளும். பாட்டில் பாஸ் கிட்டார் போகும்போது ஒரு சுரம் மட்டும் 'தொம்' என்று பெரிதாகவும், பக்கத்துச் சுரம் இருக்கிற இடம் தெரியாமலும் கேட்பது இதனால்தான். பவானி ஜமக்காளம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் மெல்லிய நெசவு உச்ச ஒலியை மட்டும்தான் பிடிக்கும். மூலையில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்திப் பாருங்கள், பாஸின் மேல்பகுதி கொஞ்சம் அடங்குவது காதுக்கே தெரியும். அதற்கும் கீழே உள்ள முழக்கத்தை, ஸ்பீக்கரையும் நாற்காலியையும் நகர்த்தித்தான் சமாளிக்க வேண்டும். சுவரிலிருந்து ஸ்பீக்கரை இரண்டடி முன்னால் இழுங்கள். நாற்காலியைப் பின்சுவரில் ஒட்டிப் போடாதீர்கள்.

ஏற்காட்டில் பழைய எஸ்டேட் பங்களாக்களின் கதை இதற்கு நேர்மாறு. மரத்தளம், மரக்கூரை, பெரிய கதவுகள். பாஸ் வெளியே கசிந்துவிடும், அதனால் முழக்கம் குறைவு. அங்கே கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் பொருந்தும்.

அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி பக்கம் வீடு என்றால் தறிச் சத்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளிச்சத்தம் அதிகமான இடத்தில் நாம் நம்மை அறியாமலே வால்யூமைக் கூட்டிக் கேட்போம். ஆம்பில் அதற்கு ஏற்ற இருப்பு வேண்டும்.

ஸ்பீக்கர், பிறகு வாட்ஸ்

ஸ்பீக்கரின் பின்பக்கத்திலோ கையேட்டிலோ 'சென்சிட்டிவிட்டி' என்று ஓர் எண் இருக்கும். 86 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்றால் அவ்வளவு சத்தம் என்று அர்த்தம். ஆம்பின் வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். ஐம்பது வாட் ஆம்புக்கும் நூறு வாட் ஆம்புக்கும் வித்தியாசம் அந்த 3 டெசிபல்தான். 89 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் அதே 3 டெசிபல் ஆம்புக்குச் செலவில்லாமல் கிடைத்துவிடும். காசை எங்கே போடுவது என்பதை இந்த ஒரு வரியிலேயே முடிவு செய்துவிடலாம்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 86 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டு, மூன்று மீட்டரில் நாற்காலி. தூரத்தால் நம் சிமெண்ட் அறையில் 7 டெசிபல் போல குறையும், இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து பாடுவதால் 3 கூடும். ஆளுக்கு ஒரு வாட்டில் நாற்காலியில் 82 டெசிபல். வீட்டில் நிதானமாகக் கேட்கும் சராசரிச் சத்தம் 75 டெசிபல் என்று வைத்தால், அதற்குச் செலவாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு! ஆனால் மிருதங்கத்தில் ஒரு அடி விழும்போது சராசரியைவிட 15, 20 டெசிபல் மேலே தாவும். 95 டெசிபல் தொட 20 வாட் வேண்டும். 100 தொட 63 வாட். ஆக, சேலத்து ஹாலுக்கு நிஜமான 40 முதல் 60 வாட் தாராளம்.

'நிஜமான' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன்.

வாட்ஸ் என்ற பெயரில் விற்பது

பெட்டியில் 'பிஎம்பிஓ' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள், அளவுகோல் இல்லாத எண் அது. பார்க்க வேண்டியது: 8 ஓம் ஸ்பீக்கரில், இடது, வலது இரண்டு சானலும் ஒரே நேரத்தில் ஓடும்போது, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இவ்வளவு டிஸ்டார்ஷனுக்குள் (ஒலிச் சிதைவுக்குள்) தொடர்ந்து எத்தனை வாட் ஆர்எம்எஸ் (நொடிநேர உச்சம் இல்லாத நிலையான அளவு) என்பது. மராண்ட்ஸ் பிஎம்6007-க்கு 45 வாட், யமஹா ஏ-எஸ்301-க்கு 60 வாட், கேம்பிரிட்ஜ் ஏஎக்ஸ்ஏ35-க்கு 35 வாட் என்று போட்டிருப்பது எல்லாம் 8 ஓமுக்கான கணக்கு. எண் சின்னதாகத் தெரியும். மேலே போட்ட கணக்குக்கு இவை போதும்.

நம் ஊரில் அசெம்பிள் செட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. 4440 ஐசி போர்டு, டிடிஏ2030, டிடிஏ7294, 5200/1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டு எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும், தெரிந்த கைகள் நன்றாகவே கட்டிக் கொடுக்கும். நான் அசெம்பிள் செட்டுக்கு எதிரி இல்லை. ஆனால் "இது 500 வாட்ஸ் போர்டு" என்று சொன்னால் உடனே டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் போட்டிருக்கிறது என்று வையுங்கள். டையோடும் ஃபில்டர் கெப்பாசிட்டரும் கடந்து வருவது ஒவ்வொரு பக்கமும் 33 வோல்ட் போல. அதில் டிரான்சிஸ்டர்கள் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு உச்சமாக 30 வோல்ட் விடும். ஆர்எம்எஸ் கணக்கில் 21 வோல்ட். 21-ஐ 21-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 55 வாட். போர்டில் எத்தனை ஜோடி டிரான்சிஸ்டர் வரிசையாக நின்றாலும் 8 ஓமில் இதைத் தாண்டாது. கட்டிக் கொடுப்பவரிடம் சண்டை போட வேண்டாம், "டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்ண்ணா?" என்று மட்டும் கேளுங்கள். மீதியை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

உள்ளங்கை அளவு டி வகுப்பு ஆம்புகளுக்கும் (வகுப்புகளைக் கீழே பார்ப்போம்) இதே சோதனைதான். டிபிஏ3255 சிப் போட்டதில் '300 வாட்' என்று அச்சடித்திருக்கும். கூட வந்த அடாப்டர் 32 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் மொத்தமே 160 வாட்தான் உள்ளே போகிறது, அதைவிட அதிகம் எப்படித் தொடர்ந்து வெளியே வரும்?

கோயில் திருவிழாவுக்கு ஓடும் அகுஜா போன்ற பி.ஏ. ஆம்பை வீட்டு ஸ்பீக்கருக்குப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். பின்னால் 4, 8, 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று முனைகள் இருக்கும். அந்த 100 வோல்ட் முனை நீண்ட ஒயரில் பல ஹாரன் ஸ்பீக்கர்களை ஒன்றாக ஓட்டுவதற்கு. அதில் வீட்டு ஸ்பீக்கரை மாட்டினால் காயில் எரிந்துவிடும். 8 ஓம் முனையில் மாட்டினால் பாடும், ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்கக் கட்டிய பொருளிடம் தம்பூராவின் இழையை எதிர்பார்க்க முடியாது.

ஏ, ஏபி, டி

ஆம்புக்குள் டிரான்சிஸ்டர்கள் வேலை செய்யும் முறையை வைத்துத்தான் இந்த வகுப்புப் பெயர்கள். ஏ வகுப்பு ஆம்ப் பாட்டு ஓடாதபோதும் முழுக் கரண்டையும் இழுத்துச் சூடாக நிற்கும். ஏற்காட்டுக் குளிரில் வைத்துக்கொள்ளலாம். சேலத்தில் சித்திரை வெயிலுக்கு அறையில் கூட ஒரு அடுப்பு எதற்கு? வால்வு ஆம்ப் ஆசை உள்ளவர்கள் 90 டெசிபலுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர் இருந்தால் மட்டும் யோசியுங்கள். ஏபி வகுப்பு பெரும்பாலானோருக்குச் சரியான தேர்வு, ரிப்பேருக்கும் ஆள் கிடைக்கும். டி வகுப்பு உள்ளே போகும் மின்சாரத்தில் 85, 90 சதவீதத்தை ஸ்பீக்கருக்குக் கொடுப்பதால் சூடு மிகக் குறைவு. சின்ன ஷோகேஸில் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உள்ள வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ப்ரீஆம்ப் தனியாக வேண்டுமா?

இங்கேதான் அதிகப் பணம் வீணாகிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ப்ரீஆம்ப் செய்யும் வேலைகள் மூன்று: எந்த சோர்ஸ் என்று தேர்ந்தெடுப்பது, வால்யூம், தேவைப்பட்டால் சிக்னலைப் பெரிதாக்குவது. ப்ரீஆம்பும், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கும் இன்டக்ரேட்டட் ஆம்பில் இந்த மூன்றும் உள்ளேயே இருக்கிறது. முதல் செட்டு வாங்குகிறவருக்கு இன்டக்ரேட்டட் போதும். தனி பவர் ஆம்ப் ஏற்கெனவே கையில் இருந்தாலோ, ரெக்கார்டு பிளேயர், டேப் டெக் என்று நாலைந்து சோர்ஸ் இருந்தாலோ மட்டும் தனி ப்ரீஆம்பை நினையுங்கள்.

வாங்கும் முன் வோல்டைக் கணக்கிடுங்கள். சிடி பிளேயரும், டிஜிட்டல் பாட்டைச் சிக்னலாக மாற்றும் டிஏசியும் முழுச் சத்தத்தில் 2 வோல்ட் கொடுக்கும். பவர் ஆம்பின் கெயின் (சிக்னலைப் பெரிதாக்கும் அளவு) 26 டெசிபல் என்றால் 20 மடங்கு. 50 வாட் ஆம்ப் 8 ஓமில் உச்சம் தொடுவது 20 வோல்ட்டில். அதாவது ஒரு வோல்ட் உள்ளே போனாலே ஆம்ப் முழு வேகத்தில் ஓடும். நம்மிடம் ஏற்கெனவே இரண்டு வோல்ட் இருக்கிறது! இதற்கு நடுவில் 12 டெசிபல் கெயின் உள்ள ப்ரீஆம்பைப் போட்டால், குமிழைக் கால்வாசி திருப்புவதற்குள் வீடு அதிரும். குமிழின் அந்த அடிப்பகுதியில்தான் இடது, வலது சானல்கள் சமமாக இல்லாமல் ஒருபக்கம் சாயும், ப்ரீஆம்பின் 'ஸ்ஸ்' சத்தமும் நான்கு மடங்காகும். இந்த மாதிரி செட்டுக்குக் கெயின் இல்லாத, அல்லது கெயினைக் குறைக்கும் சுவிட்ச் உள்ள ப்ரீஆம்ப்தான் பொருத்தம். வெறும் வால்யூம் பாட் (குமிழோடு மாறும் ரெசிஸ்டர்) மட்டும் போட்ட பாசிவ் பெட்டிகூடச் சில வீட்டில் வேலையை முடித்துவிடும். அப்படிச் செய்தால் 10 கிலோஓம் பாட் வாங்குங்கள், பவர் ஆம்புக்குப் போகும் ஒயர் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், பவர் ஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ் 25 கிலோஓமுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ரெக்கார்டு பிளேயர் இருந்தால் ஃபோனோ ப்ரீஆம்ப் கட்டாயம். எம்எம் (நகரும் காந்தம்) வகைக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி பொருத்திய தலைப்பகுதி, கொடுப்பது 3 முதல் 5 மில்லிவோல்ட். சிடியோடு ஒப்பிட்டால் 400-ல் ஒரு பங்குதான். பெரிதாக்கினால் மட்டும் போதாது. இசைத்தட்டில் வெட்டும்போது பாஸைக் குறைத்தும் உச்ச ஒலியைக் கூட்டியும் வெட்டுவார்கள், கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கணக்குக்குப் பெயர் ஆர்ஐஏஏ, 1954-ல் தொழில் முழுவதற்கும் பொதுவானது. அதனால்தான் பிளேயரை 'ஆக்ஸ்'-ல் மாட்டினால் தகரத்தில் பாடுவது போலச் சன்னமாகக் கேட்கிறது. எம்எம்முக்கு 40 டெசிபல் கெயின், 47 கிலோஓம் இன்புட் வேண்டும். எம்சி (நகரும் காயில்) கார்ட்ரிட்ஜ் என்றால் 60 டெசிபல் அளவு. வீட்டில் எக்கோ, எச்எம்வி எல்பி இருப்பவர்களுக்கு இது போதும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்து 78 சுற்று தட்டுகளைத் தாத்தா விட்டுப் போயிருந்தால் நிறுத்துங்கள்: அவற்றின் பள்ளம் அகலம், அதற்கென்று தடித்த ஊசி வேண்டும். 1954-க்கு முந்தைய தட்டுகளுக்கு ஆர்ஐஏஏ கணக்கும் சரியாகப் பொருந்தாது. எல்பி ஊசியை அதில் வைத்து இரண்டையும் கெடுத்துவிடாதீர்கள்.

கரண்டும் எர்த்தும்

சேலத்தைச் சுற்றி பாறை நிலம். கோடையில் மண் காய்ந்துவிட்டால் எர்த் குழி சரியாக வேலை செய்யாது. செட்டு வரும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக, 230 வோல்ட் அளவில் வர வேண்டும். நியூட்ரல்-எர்த் இரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, ஐந்தைத் தாண்டினால் பார்த்தே ஆக வேண்டும். கரியும் உப்பும் போட்ட பழைய குழி என்றால் கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றி வாருங்கள். கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும், ஆம்ப் அடுத்த மாதம் வரலாம்.

இன்வெர்ட்டர் இல்லாத வீடு இப்போது குறைவு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்பை ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் 'கொர்' என்று உறுமும், ஸ்பீக்கரிலும் இரைச்சல் வரும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பரவாயில்லை. இல்லாவிட்டால் ஆம்பின் சாக்கெட்டை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிடுங்கள், கரண்ட் போனால் பாட்டும் நிற்கட்டும். தறி ஓடும் தெருவிலும், மலையில் லைனின் கடைசி வீட்டிலும் வோல்டேஜ் ஏறி இறங்கும். அங்கே ஸ்டெபிலைசர் தேவைதான், ஆனால் அதை ஆம்புக்குப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வையுங்கள்.

பழைய ஜப்பான் ஆம்ப் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சான்சூய், பயனியர் போன்றவற்றில் ஜப்பானில் விற்றவை 100 வோல்ட் மாடல்கள். பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் தப்பித்தோம், இல்லையென்றால் 230-ல் சொருகிய நொடியில் முடிந்தது. பின்தகட்டில் எழுதியிருப்பதைப் படித்து, தேவையானால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்து விலை பேசுங்கள்.

மாட்டும் வரிசை

புது கம்பெனி செட்டு என்றால் நேராக மாட்டலாம். பழையதும் அசெம்பிளும் என்றால் ஸ்பீக்கரைத் தொடும் முன் இரண்டு சோதனை.

முதலாவது சீரிஸ் லாம்ப், அதாவது ஆம்புக்குப் போகும் லைனில் இடையே மாட்டும் பல்பு. எலக்ட்ரீஷியன் பையில் இருக்கும் அதே டெஸ்ட் லாம்ப்தான், 100 வாட் குண்டு பல்பு. ஆம்பை அதன் வழியாக ஆன் செய்தால் பல்பு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும், கெப்பாசிட்டர்கள் நிரம்பிவிட்டன என்று அர்த்தம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அப்படியே அணைத்துவிடுங்கள். பல்பு எரிந்ததால் ஆம்ப் பிழைத்தது.

இரண்டாவது டிசி ஆஃப்செட், அதாவது பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கர் முனைக்கு வரும் டிசி வோல்ட். பல்பை எடுத்துவிட்டு, வால்யூம் பூஜ்யத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மல்டிமீட்டரை டிசியில் வைத்து, ஸ்பீக்கர் டெர்மினலில் சிவப்பு, கறுப்பு இரண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் நல்லது. 100 தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், வாய்ஸ் காயில் கருகிவிடும். சின்ன டி வகுப்பு ஆம்புகளில் ஒரு விஷயம்: பெரும்பாலும் அவற்றின் மைனஸ் முனையும் ஆம்பால் ஓட்டப்படுகிறது, அது கிரவுண்ட் கிடையாது. இரண்டு சானலின் மைனஸை ஒன்றாக முறுக்கி ஒயர் மிச்சம் பிடித்தால் ஆம்ப் போய்விடும்.

ஒயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் மல்டி ஸ்ட்ராண்ட் செம்பு போதும், எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும். ஐந்து மீட்டர் போய் வர மொத்த எதிர்ப்பு 0.075 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. வெள்ளி வேலைக்குப் பேர்போன செவ்வாய்ப்பேட்டை ஊர்க்காரர்களாயிற்றே, வெள்ளிக் கம்பி போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளி செம்பைவிட ஆறு சதவீதம் போலத்தான் நன்றாகக் கடத்தும். 2.5-க்குப் பதில் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால் அதைவிடப் பல மடங்கு ஆதாயம். வெள்ளி கொலுசாகவே இருக்கட்டும்.

ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு சரிதானா என்பதில் பழைய பெட்டிகளை நம்ப வேண்டாம். ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியின் பிளஸை ஒயரின் ஒரு நுனியிலும் மைனஸை மறு நுனியிலும் ஒரு கணம் தொடுங்கள். 'டக்' என்று வூஃபர் (பாஸ் பாடும் பெரிய கோன்) வெளியே தள்ளினால் பிளஸ் தொட்ட நுனிதான் சிவப்பு. உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. கோனில் விரலை லேசாக வைத்தால் தள்ளுவதும் இழுப்பதும் நன்றாகத் தெரியும். இரண்டு பெட்டியிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும், ஒன்று மாறினால் பாஸ் காணாமல் போய்ப் பாடகர் அறை முழுக்கச் சிதறிவிடுவார்.

ஆன் செய்யும்போது சோர்ஸ், ப்ரீஆம்ப், கடைசியாகப் பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். இரண்டு ஆம்பை ஒப்பிட்டுக் கேட்க ஆசை என்றால் சத்தத்தைச் சமமாக்காமல் கேட்காதீர்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஓடுவதே காதுக்கு 'நல்ல ஆம்ப்' ஆகத் தெரியும். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்டை அளந்து, இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்படி வையுங்கள். பிறகு தம்பூராவும் நாதஸ்வரமும் போட்டுக் கேளுங்கள். உச்சத்தில் நாதஸ்வரம் கீச்சிட்டால் ஆம்ப் மூச்சு முட்டுகிறது என்று பொருள், வால்யூமைக் குறைக்க வேண்டும். உச்ச ஒலி பாடும் ட்வீட்டர்கள் பலி போவது இப்படித்தான்.

'ம்ம்ம்' என்று இரைந்தால்

எல்லா இன்புட் ஒயரையும் கழற்றிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் இரைந்தால் குறை ஆம்புக்குள். நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள், எது மாட்டியதும் வருகிறதோ அதுதான் ஆள். முக்கால்வாசி வீட்டில் கேபிள் டிவி ஒயர்தான் சிக்கும். வெளியிலிருந்து வரும் கோஆக்ஸ் தன் சொந்த கிரவுண்டோடு செட்டாப் பாக்ஸ் வழியாக உள்ளே நுழைந்து 50 ஹெர்ட்ஸ் லூப்பை உண்டாக்கும். டிவியிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் ஒயரில் கொண்டுவந்தால் அந்த இணைப்பே அறுந்துவிடும், சத்தமும் நிற்கும். ரெக்கார்டு பிளேயர் இரைந்தால் அதன் மெல்லிய கிரவுண்ட் ஒயர் ஆம்பின் கிரவுண்ட் திருகில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 'சர்ர்' என்று ஃபேன் வேகத்தோடு மாறும் சத்தம் என்றால் சுழற்றும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான் காரணம், படிப்படியாக மாறும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் போட்டால் தீரும்.

இரைச்சல் போகிறதே என்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே ஃபேஸ் ஒயர் எப்போதாவது பாடியைத் தொட்டால், அடுத்து அந்தக் குமிழைத் திருகப் போவது வீட்டில் யாருடைய கையோ.

சூடு, ஈரம், இடி, பல்லி

ஆம்புக்கு மேலே பத்து சென்டிமீட்டராவது காலி இடம் வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில் வைத்தால் ஓடும்போது கதவைத் திறந்து வையுங்கள். தூசி படாமல் இருக்க எம்ப்ராய்டரி துணி போர்த்துவதும் நம் வழக்கம், செட்டு அணைந்து ஆறிய பிறகு போர்த்துங்கள். ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் ஆயுள் பத்து டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய பாதியாகும். சேலத்து மே மாதத்துக்கு இந்த ஒரு கணக்கை மனதில் வைத்தால் போதும்.

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். காற்று கீழே இருப்பதைவிட மெல்லியது, அதனால் சூட்டை எடுத்துச் செல்வதும் குறைவு, ஆனால் குளிர் அதை ஈடுகட்டிவிடும். அங்கே நிஜமான பகை ஈரம். மூடுபனி மாதங்களில் வால்யூம் குமிழ் 'கரகர' என்னும், ஆர்சிஏ முனைகள் கறுக்கும், போர்டில் பூஞ்சை படரும். வார இறுதிக்கு மட்டும் மேலே போகிறவர்கள் செட்டைப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். அங்கேயே இருப்பவர்கள் தினமும் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள், உள்சூடே ஈரத்தை விரட்டும். முனைகளை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். சித்திரை, ஐப்பசி இடிமழைக்கு ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் டிஷ் ஒயரையும் சேர்த்தே கழற்ற வேண்டும். மின்னல் பெரும்பாலும் நாம் மறந்த அந்த டிஷ் ஒயர் வழியாகத்தான் வரும்.

பல்லியும் எறும்பும் மலைக்கும் ஊருக்கும் பொது. வெதுவெதுப்பைத் தேடிக் காற்றுத் துளை வழியாக உள்ளே போய், பவர் டிரான்சிஸ்டரின் இரண்டு காலுக்கு நடுவே படுத்துக்கொண்டால் பல்லியும் போகும், ஆம்பும் போகும். கொசுவலைக்கு வாங்கும் ஸ்டீல் மெஷ்ஷை வெட்டி, மூடியைக் கழற்றித் துளைகளின் உள்பக்கம் ஒட்டுங்கள். பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிடம் கழித்துத்தான் மூடியில் கை வைக்க வேண்டும். ஃபில்டர் கெப்பாசிட்டரில் கரண்ட் நின்றிருக்கும், மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகு வேலையை ஆரம்பியுங்கள்.